அலெக் மாற்றாத கடிகாரம்

ஹாங்காங்கைப் பிடித்த கையோடு ஜப்பான்காரர்கள் ஊர்க் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளினார்கள். கடலோர முகாமில் அடைபட்ட வெள்ளைக்காரர்கள் முணுமுணுத்தபடி முள்ளைத் திருப்பினார்கள். சார்ஜென்ட் அலெக் பர்டி மட்டும் தன் கைக்கடிகாரத்தைத் தொடவில்லை.

"அரை மணிக்கு இவ்வளவு வீம்பா?" என்றாள் மனைவி ஹெஸ்டர்.

"ஸ்டேஷன், வீடு, பூட்ஸு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டாங்க. இது என் மணி."

மூன்று போலீஸ் குடும்பங்களுக்கு ஒரே அறை. நடுவில் தொங்கிய போர்வைதான் சுவர். அதன் பின்னால் மகள் மோராக் மலேரியாவில் நடுங்கிக் கிடந்தாள். அலெக்கிடம் முன்பு கான்ஸ்டபிளாக இருந்த லாவ்தான் வெளியே இருந்து முள்வேலிக்கு வந்து கொய்னா மாத்திரை கொடுப்பவன். பிடிபட்டால் அவன் தலை போய்விடும்.

செவ்வாய் சாயங்காலம் அலெக் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தபோது வேலியோரம் யாரோ நிற்பதைக் காவலன் தூரத்திலிருந்து பார்த்துவிட்டான். மறுநாள் காலை அலெக்கையும் ஹெஸ்டரையும் விசாரணைக்கு அழைத்தார்கள்.

"ஞாபகமில்லைன்னு மட்டும் சொல்லு, அலெக்," என்று வழியெல்லாம் கெஞ்சினாள்.

"ஞாபகமில்லைன்னு சொன்ன எத்தனை பேரை நானே உள்ள தள்ளியிருக்கேன், தெரியுமா?"

பதினெட்டு வருஷப் போலீஸ் புத்தி போகுமா?

"நேத்து சாயங்காலம் எங்க இருந்தே?" அதிகாரி கேட்டதை மொழிபெயர்ப்பாளன் சொன்னான்.

"நாலு மணியிலிருந்து நாலு இருபது வரைக்கும் அறையில. செருப்பு தைச்சிட்டிருந்தேன்." கோர்ட்டில் சாட்சி சொல்கிற அதே குரல்.

"நாலு மணிக்கு எல்லாரும் முற்றத்துல தலை எண்ணிக்கைக்கு நின்னீங்களே?"

ஹெஸ்டர் அலெக்கின் மணிக்கட்டைப் பிடித்து அதிகாரியிடம் நீட்டினாள்.

"பழைய மணியைச் சொல்றார் ஐயா. நீங்களே பாருங்க, இந்தக் கடிகாரம் அரை மணி பின்னால ஓடுது. அவர் சொன்னது நாலரை. அப்போ அறையிலதான் இருந்தார்."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். தப்பித்தோம் என்றே நினைத்தாள்.

"சாயங்காலம்னுதான் கேட்டேன்," என்றார் நிதானமாக. "வேலியில ஆள் நின்னது நாலரைக்குன்னு இன்னும் யாருக்கும் சொல்லலையே. அந்த இருபது நிமிஷத்துக்கு மட்டும் எப்படிக் கணக்கு வச்சிருக்கீங்க?"

அலெக் அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது.

லாவின் பெயர் கடைசிவரை அவன் வாயிலிருந்து வரவில்லை. லாவ் தப்பினான், மோராக் பிழைத்தாள். அலெக் திரும்பவில்லை, கடிகாரம் மட்டும் வந்தது. அதற்குப் பிறகு முகாமில் மணி என்ன என்று யார் கேட்டாலும் ஹெஸ்டர் வாயைத் திறப்பதில்லை.