பூட்டை மாற்ற இரண்டு சம்மதம்

பத்தொன்பது ஆண்டுகளாக வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர், ஒரே ஒரு முறைதான் கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் பேச்சை மட்டும் கேட்டுப் பூட்டை மாற்றினார். அன்று வெளியே போய்த் திரும்பிய குடித்தனக்காரப் பெரியவர், மாத்திரை உள்ளே மாட்டிக்கொள்ள, இருட்டும்வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு, பத்திரத்தில் உள்ள அத்தனை பேரும் சம்மதிக்காமல் மேனேஜர் எந்தப் பூட்டிலும் கை வைப்பதில்லை.

நேற்று மதியம் அதற்குச் சோதனை வந்தது. ஓர் அண்ணனுக்கும் தங்கைக்கும் பொதுவான மாடி வீட்டில் தையல்காரம்மா ஒருவர் குடியிருக்கிறார். அவர் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அண்ணன் பூட்டு ரிப்பேர்காரரோடு வந்து நின்றார். வீடு மகனுக்கு வேண்டுமாம்.

"மாத்துங்க. மூத்தவன் சொல்றேன்ல?"

"சார், பத்திரத்துல மூத்தவர், இளையவர்னு இல்ல. ஆளுக்குப் பாதி. தங்கச்சிகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடுவோம்."

"அவகிட்ட பேசி நாலு வருஷமாச்சு."

"நீங்க பேச வேணாம், நான் பேசறேன்."

மேனேஜர் போனை ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னார். தங்கை சிரித்தார்.

"அண்ணன் மூச்சு வாங்குறது இங்க கேக்குது. படியேறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லலையா? ஒப்பந்தம் முடிய ஏழு மாசம் இருக்கு. அதுவரைக்கும் அந்தம்மா இருக்கட்டும். அப்புறம் உன் பையனே வரட்டும்."

"டாக்டர் சொன்னது உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அண்ணன்.

பூட்டு ரிப்பேர்காரர் பழைய பூட்டுக்கு எண்ணெய் விட்டுவிட்டுக் கிளம்பினார். ஆறு மணிக்குத் தையல்காரம்மா வந்து, தன் சாவியாலேயே கதவைத் திறந்தார்.