ஓட்டை விழுந்த கீரை

நல்லூரில் எங்கள் ஒழுங்கையின் இரு பக்கமுமாக ஏழு வீடுகள். சனிக்கிழமைகளில் காலை ஏழரைக்கும் எட்டுக்கும் இடையில் உடுப்பிட்டியில் தோட்டம் செய்யும் என் அண்ணை மோட்டார் சைக்கிளில் வருவார். பின்னால் கட்டிய பெட்டியில் மற்ற ஆறு வீடுகளுக்கும் உரிய கீரைக் கட்டுகள் இருக்கும். என்னுடைய கட்டு மட்டும் முன்னால், கைப்பிடியில் கொழுவிய துணிப்பையில் தனியாகத் தொங்கும். "இந்தா பிள்ளை, இது உனக்கு" என்று என் கையில் தந்த பிறகுதான் மற்ற வீட்டுப் படலைகளுக்குப் போவார். நான் அன்றாடம் கொப்பியில் எழுதுகிறவள். அந்தத் துணிப்பையையும் எழுதி வைத்திருக்கிறேன். அது ஏன் தனியாக வருகிறது என்று எழுதவில்லை, கேட்கவுமில்லை.

நான் இரசாயனம் படித்தவள். அப்பா இறந்த பிறகு என்னைப் படிப்பித்தவர் அண்ணைதான். காய்கறியில் பூச்சிமருந்து மிஞ்சியிருக்கிறதா என்று சமையலறையிலேயே பார்க்கக்கூடிய ஒரு கடதாசிப் பட்டியை உருவாக்குவது என் ஆய்வு. உயிர்உணரி என்பது அதன் பெயர். பட்டியில் ஒரு நொதியத்தை உலர்த்தி வைத்திருப்போம். அதைக் கீரைச் சாற்றில் தோய்த்துப் பத்து நிமிடம் விட்டு, நிறம் காட்டும் துளியை இடவேண்டும். கீரை சுத்தமென்றால் நீலம் வரும். மருந்து இருந்தால் நொதியம் வேலைசெய்யாது, பட்டி வெள்ளையாகவே நிற்கும். வெள்ளைதான் சுத்தம் என்று முதலில் எல்லோரும் நினைப்பார்கள். ஒவ்வொருவருக்கும் இதை இரண்டு தரம் சொல்ல வேண்டியிருக்கும். அண்ணைக்கு ஒருதரம் போதுமாக இருந்தது.

முதன்முதலில் அவருடைய தோட்டத்துக் கீரையைத்தான் சோதித்தேன். பட்டி வெள்ளையாக நின்றது. என் சாப்பாட்டு மேசையில் இருந்து அதை உற்றுப் பார்த்தவர், "மருந்தை நான் விட்டிடுறன், பிள்ளை" என்றார். பிறகு கனநேரம் இருந்து பல கேள்விகள் கேட்டார். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் என் வேலையைப் பற்றிக் கேட்டதில்லை. "கம்பஸிலை ஏதோ செய்யிறாள்" என்பதோடு கதை முடிந்துவிடும். அன்று எனக்கு மிகுந்த சந்தோஷம். ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.

ஒரு மாதம் கழித்து அவர் கொண்டுவந்த கீரை நல்ல நீலம் காட்டியது. அடுத்த கிழமையும் அப்படியே. முன்வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். அவளுடைய குழந்தைக்கு அப்போதுதான் சோறு தீத்தத் தொடங்கியிருந்தாள்; கீரையும் பருப்பும் மசித்துக் கொடுப்பாள். "அக்கா, நீங்கள் பாத்துச் சொன்னாப் பிறகு எனக்கு என்ன பயம்?" என்றாள். அவளைப் பார்த்து மற்ற வீடுகளும் சேர்ந்துகொண்டன. சனிக்கிழமைகளில் ஏதாவது ஒரு வீட்டுக் கட்டிலிருந்து சில இலைகளை வாங்கிச் சோதிப்பேன். எப்போதும் நீலம். அந்தப் பட்டியைத் திகதி போட்டுக் கொப்பியில் ஒட்டுவேன்.

ஒரு சனிக்கிழமை முன்வீட்டுப் பெண் தன் கட்டையும் என் கட்டையும் பக்கத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தாள்.

"உங்கடை அண்ணை நல்ல ஆள் அக்கா. கூடப்பிறந்தவவுக்கு ஓட்டைக் கீரை, எங்களுக்கெல்லாம் பொம்மைக்கடைக் கீரை!"

உண்மைதான். என் கட்டில் இலைக்கு இலை பூச்சி தின்ற துளைகள். அவளுடைய இலைகளில் ஒரு கீறல்கூட இல்லை.

"பிறத்தியாருக்கு நல்லதைக் குடுக்கிறதுதான் எங்கடை அண்ணையின்ரை பழக்கம்" என்றேன். சொல்லும்போது மனதில் சிறிய குறை இருந்தது. அன்றிரவே அதையும் எழுதினேன்: எனக்கு ஓட்டை, அவர்களுக்கு நல்லது. ஒரே தோட்டம், ஒரே நாள், ஒரே பூச்சி. ஆய்வுகூடத்தில் ஒரு மாணவி இப்படி இரண்டு மாதிரிகளைக் கொண்டுவந்து காட்டியிருந்தால் அந்த இடத்திலேயே காரணம் கேட்டிருப்பேன். இது அண்ணையின் கீரை.

ஆய்வை முடிப்பதற்கு என் பட்டியின் முடிவைப் பெரிய கருவியின் முடிவோடு ஒப்பிட்டுக் காட்டவேண்டும். அந்தக் கருவி கொழும்பில் இருக்கிறது. கீரைச் சாற்றின் பச்சை நிறம் நீலத்தைக் குழப்பும் என்பதால், மருந்தே படாத கீரையும் ஒப்பீட்டுக்குத் தேவை. அதற்கு அண்ணையின் கீரையைவிட்டு வேறெதை அனுப்புவேன்? ஒரு கட்டு போதாதிருந்தது. என்னுடையதை ஒரு மாதிரியாகவும், முன்வீட்டிலிருந்து கேட்டு வாங்கியதை இன்னொரு மாதிரியாகவும் பொதிசெய்து அனுப்பினேன்.

முடிவு மின்னஞ்சலில் வந்தது. என் கட்டில் ஒன்றுமில்லை. முன்வீட்டுக் கட்டில் ஒரு பூச்சிமருந்து தாராளமாக இருந்தது. என் நொதியத்தை அது தொடாது. அதனால் பட்டிக்கு அது தெரியவே தெரியாது.

மாதிரிகள் மாறிவிட்டன என்றுதான் முதலில் நினைத்தேன். குறிப்புகளைச் சரிபார்த்தேன். மாறவில்லை. பிறகு வீட்டுக்கு வந்து பழைய கொப்பியை எடுத்து அந்த ஒன்றரைப் பக்கத்தை வாசித்தேன். என் கையெழுத்தில் இப்படி இருந்தது: "அண்ணை கேட்டார், உந்தக் கடுதாசிக்குப் பிடிபடாத மருந்தும் இருக்கோ என்று. மிக நல்ல கேள்வி. இரண்டு வகைகளை மட்டுமே பிடிக்கும் என்று விளக்கி, பிடிபடாதவற்றின் பெயர்களைத் துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தேன்."

மறுநாள் வேலைக்குப் போகாமல் உடுப்பிட்டிக்கு பஸ் ஏறினேன். அண்ணை மண்வெட்டியால் வாய்க்காலை வெட்டிக் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை, சொல்லாமல் கொள்ளாமல்?"

"கீரைக்கு என்ன அடிச்சனீங்கள்?"

"ஆர் சொன்னது?"

"கொழும்பு மிசின் சொன்னது."

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "கடுதாசி சொன்னா நம்புவாய். மிசின் சொன்னா நம்புவாய். அண்ணை சொன்னால்தான் நம்பமாட்டாய், என்ன?"

"அண்ணை சொன்னதைத்தானே நம்பினனான். விட்டிட்டன் எண்டு சொன்னீங்கள்."

"அதை விட்டிட்டன்தானே. நீ வெள்ளையெண்டு காட்டின மருந்தை அதுக்குப் பிறகு தொட்டதே இல்லை." குரலை உயர்த்தினார். "உன்ரை ஒழுங்கைச் சனம் ஓட்டைக் கீரை வாங்குமோ? மருந்து வேண்டாமாம், ஆனால் ஒரு புழுவைக் கண்டால் கட்டோடை திருப்பித் தருவினம். நீ புத்தகத்தோடை இருக்கிறாய், உனக்கென்ன தெரியும்?"

சத்தம் கேட்டு அண்ணையின் மனைவி, என் மச்சாள், கிணற்றடியிலிருந்து வந்தாள். என்னைச் சமாதானப்படுத்தத்தான் நினைத்தாள். "உங்களுக்கு அவர் இந்த மருந்தடிக்கிற பாத்தியிலை பிடுங்கிறேல்லை. உங்களுக்கெண்டு எங்கடை வீட்டுப் பாத்தியிலைதான். நான்தான் கட்டி அந்தத் துணிப்பையிலை போடுறனான். ஒருநாளும் மாறவிட்டதில்லை, உங்களாணை."

வீட்டுக்குப் பின்னால் அந்தப் பாத்தி தெரிந்தது. ஓட்டை விழுந்த இலைகள் வெயிலில் நின்றன.

"கூடப்பிறந்தவளுக்கு நஞ்சு குடுப்பனோ?" என்று கேட்டார் அண்ணை. அவருடைய கண் கலங்கியிருந்தது. அதில் பொய் இல்லை. தெரியாமல் செய்தேன் என்று அவர் சொல்லியிருந்தால் நான் எப்படியாவது நம்பியிருப்பேன். இரண்டு பாத்தி வைத்திருப்பவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

"முன்வீட்டுப் பிள்ளை ஒரு வயதுகூட ஆகாத பிள்ளை, அண்ணை. நான் சொன்னபடியால்தான் தீத்துதுகள்."

பாத்தி நிரம்பி வழியத் தொடங்கியிருந்தது. அண்ணை குனிந்து வாய்க்காலை வெட்டி அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பினார்.

பஸ்ஸில் வரும்போது, ஒழுங்கைக்குச் சொன்னால் அண்ணைக்கு அந்த ஆறு வீடுகளும் போய்விடும் என்று யோசித்தேன். ஆறோடு நிற்காது, சந்தைவரை போகும். என்னைப் படிப்பித்தது அந்தத் தோட்டம். இருந்தும் இறங்கியதும் நேரே முன்வீட்டுப் படலைக்குத்தான் போனேன்.

அவள் குழந்தையை இடுப்பில் வைத்தபடி வந்தாள். அண்ணையின் கீரையில் பட்டியால் காணமுடியாத மருந்து ஒன்று இருந்ததைச் சொன்னேன். இனி அந்தக் கீரை வேண்டாம், வீட்டில் இருப்பதையும் எறிந்துவிடு என்றேன். என் பிழை என்றும் சொன்னேன். பாவம், அவள் என் தோளைப் பிடித்தாள்.

"நீங்களும் அதைத்தானே அக்கா சாப்பிட்டனீங்கள். உங்கடை அண்ணை உங்களையும் சேர்த்தெல்லோ ஏமாத்தியிருக்கிறார். உங்கடை கட்டிலையும் இருந்ததுதானே?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவளோடு சேர்ந்து நானும் ஏமாந்தவளாக நின்றிருக்கலாம்.

"இல்லை" என்றேன். "என்ரை கட்டிலை இருக்கேல்லை."

அவளுடைய கை என் தோளிலிருந்து இறங்கியது. குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். முன்பு என் கட்டைப் பிடித்துச் சிரித்தது அவளுக்கு ஞாபகம் வருவது முகத்தில் தெரிந்தது.

"அதுதான் ஓட்டை" என்றாள் மெதுவாக.

"அப்ப எனக்குத் தெரியாது, பிள்ளை."

"ஓம் ஓம்" என்றாள். "இவனுக்கு நித்திரை வருது, அக்கா." படலையைச் சாத்திக் கொளுக்கியும் போட்டாள். பகலில் அந்தக் கொளுக்கியை அவள் போட்டு நான் பார்த்ததில்லை.

இன்னும் ஐந்து வீடுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் அதே கேள்வியைக் கேட்டார்கள். ஒவ்வொன்றிலும் அதே பதிலைச் சொன்னேன்.