பிரேஸ்லெட்டில் எழுதாத சொல்

சலோமிக்குப் பட்டுச்சேலையை விரித்துக் காட்டும் வேலை. காரைக்கால் கடைத்தெருவில் உள்ள பெரிய ஜவுளிக்கடையில், முதல் மாடியில், காலையிலிருந்து நின்றுகொண்டே இருப்பாள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. உள்ளே நுழையும்போதே செல்போனை வாசல் பெட்டியில் போட்டுவிட வேண்டும். மாலை டீ இடைவேளையில் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வருகிறவர்களுக்கு அவளை மிகவும் பிடிக்கும். எத்தனை சேலையைப் பிரிக்கச் சொன்னாலும் முகம் சுளிக்க மாட்டாள்.

கணவன் அகஸ்டின் துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறவன். வீடு கீழவாஞ்சூரில். ஒரே மகள் ஜெமிமா காரைக்காலில் எட்டாம் வகுப்பு படித்தாள், தினமும் பஸ்ஸில் போய் வந்தாள்.

அந்த வருடம் தவக்காலத்தில் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்த ஜெமிமா கிணற்றடியில் விழுந்தாள்; கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. பிறகு இன்னும் இரண்டு முறை வந்தது. டாக்டர் ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு, வலிப்பு நோய்தான், மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் கட்டுக்குள் இருக்கும் என்றார்.

"புள்ள தனியா பஸ்ல போவுதுல்ல, கையில ஒரு பிரேஸ்லெட் போட்டுவிடுங்க" என்றும் சொன்னார். "பேரு, வலிப்பு இருக்குங்கறது, உங்க போன் நம்பரு. மூணும் அதுல இருக்கணும். வெளியில எங்கயாவது வந்தா பாக்கறவங்களுக்கு என்னான்னு புரியும்."

சலோமி தலையாட்டினாள். ஆனால் பரிசுக் கேடயமும் கோப்பையும் விற்கிற கடையில், எவர்சில்வர் தகட்டில் எழுத்து வெட்டித் தருகிறவரிடம் போய் நின்றபோது, மகள் பெயரையும் தன் போன் நம்பரையும் மட்டும் எழுதிக் கொடுத்தாள்.

காரணம் இருந்தது. அவளுடைய சின்னம்மா மகள் ஒருத்திக்கு இதே நோய். பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போய், பிறகு ஆள் விட்டு வேண்டாமென்று சொல்லியனுப்பினார்கள். அப்படி வந்த எல்லோருக்கும் காபி கொண்டுபோய்க் கொடுத்தவள் சலோமிதான். தன் மகள் கையில் அந்தச் சொல்லை அவளே கட்டிவிடுவதா?

"டாக்டர் சொன்னத போடல போலருக்கே" என்றான் அகஸ்டின், தகட்டைத் திருப்பிப் பார்த்து.

"நம்பரு இருக்குல்ல. கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

அவன் தகட்டை அவளிடமே திருப்பிக் கொடுத்தான். அவனுக்கும் அதே பயம்தான்.

சில மாதங்கள் ஒன்றும் இல்லாமல் கழிந்தன. மழைக்காலத்தில் ஒருநாள், பள்ளி விட்டு வரும் வழியில், நெரிசலான பஸ்ஸில் ஜெமிமாவுக்கு வலிப்பு வந்தது. அப்புறம் நடந்ததைச் சலோமி மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தாள். யாரோ இரும்பு கொடுங்கள் என்றார்கள். யாரோ சாவிக்கொத்தை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்கள். நாக்கைக் கடித்துக்கொள்வாள் என்று பயந்த ஒருவர், அவளுடைய சாப்பாட்டுப் பையிலிருந்தே கரண்டியை எடுத்துப் பல்லுக்கு நடுவில் திணித்தார். முன்பல் ஒன்று பாதியாக உடைந்தது. இன்னொருவர் வாயில் தண்ணீர் ஊற்ற, புரையேறிப் பெண் மூச்சுக்குத் தவித்தது. எல்லோரும் நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்கள்.

அந்தப் பஸ்ஸில் அஜீசுன்னிசா என்று ஒருவர் இருந்தார். வாஞ்சூர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவர். பிரேஸ்லெட்டைப் பார்த்தவர் அவர்தான். அந்த நம்பருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டார். சலோமியின் போன் ஜவுளிக்கடைப் பெட்டிக்குள், மற்றவர்களின் போன்களுக்கு நடுவே கிடந்தது. கடைசியில் அவரே பெண்ணை இறக்கி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

டீ இடைவேளையில் போனை எடுத்த சலோமி, திரையில் வரிசையாகக் கிடந்த ஒரே நம்பரைப் பார்த்து, கூப்பிட்டுக் கேட்டு, யாரிடமும் சொல்லாமல் படியிறங்கி ஓடினாள்.

ஜெமிமா உதடு வீங்கித் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அஜீசுன்னிசா முழங்கை வரை நனைந்த ரவிக்கையோடு உட்கார்ந்திருந்தார்.

"பயப்படாதீங்கம்மா, இப்ப நல்லாருக்கு. கொஞ்ச நேரம் தூங்கட்டும்னாங்க" என்றார். பிறகு மெல்லச் சொன்னார்: "பேரும் நம்பரும் போட்டிருக்கீங்க, என்னா நோயின்னு போடலியே. டாக்டரம்மா எங்கிட்ட கேக்குறாங்க, இதுக்கு முந்தி வந்திருக்கா, என்னா மாத்திரை சாப்பிடுதுன்னு. எனக்கு என்னா தெரியும்? வாயில எதுவும் வைக்கக் கூடாதுன்னு இப்பத்தான் சொல்றாங்க. முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்தக் கரண்டியயாச்சும் புடுங்கிப் போட்டிருப்பேன்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். சலோமி மகளின் உடைந்த பல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு, கஞ்சியை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டே கேட்டாள்.

"பிரேஸ்லெட்ல அதையும் எழுதிடவா பாப்பா? எல்லாருக்கும் தெரிஞ்சிடுமேன்னுதான்…"

"யாருக்குத் தெரியாது?" என்றாள் ஜெமிமா. "எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும். நான்தான் சொன்னேன். வந்தா எப்படிப் படுக்க வைக்கணும்னு வெண்மதிக்குக் காட்டியே குடுத்திருக்கேன்."

"எப்ப சொன்ன?"

"ஸ்கூல் தொறந்தப்பவே. உனக்குத்தாம்மா யாருக்கும் தெரியக் கூடாது."

சலோமி ஸ்பூனைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டாள். மகள் தன்னைவிடத் தைரியசாலி என்பதில் பெருமைப்படுவதா, இத்தனை நாள் தன்னிடம் சொல்லாமல் இருந்ததற்கு வருத்தப்படுவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

சனிக்கிழமை இருவரும் கேடயக் கடைக்குப் போனார்கள். என்ன எழுத வேண்டும் என்று ஜெமிமாவே சொன்னாள். எனக்கு வலிப்பு உண்டு. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதுவும் வைக்காதீர்கள். தமிழில்தான் வேண்டும், பஸ்ஸில் இருக்கிறவர்கள் எல்லோரும் படிக்க வேண்டும் என்றாள்.

"எழுத்து சின்னதா இருக்கட்டுங்க" என்றாள் சலோமி, வழக்கம்போல.

"சின்னதா வெட்டுனா படிக்க முடியாதும்மா" என்றார் கடைக்காரர்.

"பெருசாவே வெட்டுங்கண்ணே. தகடு பெருசா இருந்தா பரவால்ல" என்றாள் ஜெமிமா.

பின்பக்கம் இரண்டு நம்பர்கள். ஒன்று சலோமியுடையது. இன்னொன்று அஜீசுன்னிசாவுடையது. "நான் வீட்டோட இருக்கறவ, போனு எப்பவும் மெஷின் மேலதான் கெடக்கு, என் நம்பரையும் போடுங்க" என்று அவரே சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை சலோமி மேனேஜர் முன்னால் போய் நின்றாள். போனை இனிப் பெட்டியில் போட முடியாது என்றாள். காரணத்தையும் சொன்னாள். கடையில் அதுவரை யாருக்கும் தெரியாத காரணம் அது.

"ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க" என்றார் அவர்.

"கேக்கட்டும் சார். அவங்கவங்க வீட்லயும் புள்ளைங்க இருக்குல்ல."

சேலைப் பிரிவில் நிற்க வைக்க அவளைப் போல இன்னொரு ஆள் கிடைப்பது கஷ்டம் என்பது இருவருக்கும் தெரியும். கடைசியில், அந்த மாடிக் கேஷ் கவுண்டரில் போனை வைத்துக்கொள்ளலாம், மணி அடித்தால் கேஷியர் கூப்பிடுவார் என்று முடிவானது. மறு வாரமே, வயதான தாயை வீட்டில் விட்டுவிட்டு வருகிற ஒருத்தியின் போனும் பக்கத்தில் வந்து சேர்ந்தது.

மாத்திரையின் அளவை டாக்டர் கூட்டினார். அதற்குப் பிறகும் ஒருமுறை, பள்ளி மைதானத்தில், வலிப்பு வந்தது. வெண்மதி அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு டீச்சரை அழைத்து வந்தாள். கேஷியர் கூப்பிட்டுச் சலோமி போய்ச் சேர்ந்தபோது, ஜெமிமா எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

பரீட்சை முடிந்ததும் உடைந்த பல்லுக்கு உறை போடச் சலோமி மகளைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனாள். வாயைத் திறக்கும் முன்பே ஜெமிமா பிரேஸ்லெட் கையை நீட்டினாள். டாக்டர் படித்துவிட்டு, என்ன மாத்திரை, கடைசியாக எப்போது வந்தது என்று சலோமியைக் கேட்டார். கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில், கோயில்பத்துப் பக்கம் இருக்கிற தெரிந்தவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பழக்கதோஷத்தில் சலோமியின் குரல் தாழ்ந்தது.

"என்னங்க? காதுல விழல" என்றார் டாக்டர்.

சலோமி தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னொரு முறை, உரக்கவே சொன்னாள்.