எப்படி என்று கேட்க விடாதவர்

அன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, வழக்கம்போல, எங்கள் முகநூல் குழுவில் அனுமதிக்காகக் காத்திருந்த பதிவுகளைப் பார்த்ததுதான். வெள்ளவத்தையில் ஓர் அனெக்ஸ், வீட்டோடு ஒட்டிய தனிப் பகுதி, வாடகைக்கு. அனுமதித்தேன். இடியப்ப ஓடர் எடுக்கும் ஒருவரின் விளம்பரம். அனுமதித்தேன். அடுத்தது ஒரு மரண அறிவித்தல். கொட்டாஞ்சேனை ஸ்டெல்லா அக்காவின் படம். அனுப்பியிருந்தவர் அவருடைய தம்பி அன்ரன். இந்தக் குழுவை என்னோடு சேர்ந்து நடத்திய அக்கா, என் அனுமதிக்காகக் காத்திருந்தார். அன்ரனுக்குப் போன் எடுத்தேன். இருவரும் அழுதோம். பிறகு அதையும் அனுமதித்தேன்.

குழுவில் இருக்கும் உங்களுக்கு அக்காவைத் தெரியும், பெரும்பாலும் உங்கள் பின்னூட்டத்தை அழித்த ஆளாக. ‘சென்சர் அக்கா’ என்று பெயர் வைத்தீர்கள். கொள்ளுப்பிட்டியில் வேலை முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது அவர் உங்கள் வசைகளை வாசிப்பார். “இண்டைக்கு எனக்குப் புதுப் பட்டம் ஒண்டு கிடைச்சிருக்கு,” என்று எனக்கு எழுதுவார். இப்போது அதே ஆட்கள் கண்ணீர்ப் பொம்மைகளை வரிசையாகப் போட்டிருக்கிறீர்கள்.

மரண அறிவித்தலில் காரணம் கேட்கக் கூடாது என்ற அவருடைய விதி எப்படி வந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டீர்கள். எங்கள் பகுதிப் பையன் ஒருவன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். அறிவித்தல் போட்டு ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. கீழே பின்னூட்டங்கள்: எப்படி, எதனால், காதலா, கடனா, வளர்ப்புச் சரியில்லை, கோழை. எல்லாவற்றையும் அவனுடைய தாய் வாசித்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா அக்கா அத்தனையையும் அழித்தார். ஒருவர் போன் எடுத்துக் கத்தினார்.

“உமக்கு ஆர் இந்த அதிகாரம் தந்தது?”

“ஒருத்தரும் தரேல்ல. நானா எடுத்தனான்,” என்றார் அக்கா. “செத்தது ஆர், அடக்கம் எத்தனை மணிக்கு. அது தெரிஞ்சாக் காணும். எப்பிடி எண்டு கேக்கிறவர் துக்கத்துக்கு வரேல்ல, படம் பாக்க வந்தவர்.”

அன்றிலிருந்து எங்கள் மரண அறிவித்தல்களில் காரணம் இல்லை. யாருக்கும் இல்லை, தொண்ணூறு வயதில் போனவருக்கும் இல்லை.

ஒருநாள் பின்னேரம் ஓர் உறுப்பினர், சமையல் குறிப்பு ஒன்றின் கீழே, இனித் தான் இருந்து பயனில்லை என்று எழுதினார். அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். “அழிச்சா நாங்களும் கதவைச் சாத்தின ஆக்கள்,” என்றார் அக்கா. மற்றவர்களின் கண்ணில் படாமல் அதை மறைத்தார். என்னையும் இணைப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணுக்கு அழைப்பு எடுத்தார். சுற்றி வளைக்கவில்லை. “பிள்ளை, சாகிறதைப் பற்றி யோசிக்கிறீரா?” என்று நேரே கேட்டார். நான் திகைத்துப் போனேன். மறுபக்கத்தில் வெகுநேரம் அழுகை, பிறகு “ஓம்.” அந்தப் பெண்ணின் மச்சாள் அவர் வீட்டுக்கு வந்து சேரும்வரை அக்கா போனை வைக்கவில்லை.

“அப்பிடி நேர கேட்டா எண்ணம் கூடாதா?” என்று பிறகு கேட்டேன்.

“எண்ணம் எப்பவோ வந்திட்டுது. கேக்கிறதுக்குத்தான் ஆள் வரேல்ல.”

அந்தப் பெண் இன்றும் நம்மோடு இருக்கிறார். அடுத்த நாள் குழுவில் எழுந்த முறைப்பாடோ வேறு: சுவாரசியமான பதிவை ஏன் மறைத்தீர்கள்?

ஒருமுறை மட்டும் எனக்கும் அவருக்கும் வாக்குவாதம் வந்தது. இளம் மகளை இழந்த ஒரு குடும்பம், ‘நோயினால் காலமானார், வேறு காரணம் எதுவுமில்லை’ என்று அறிவித்தலில் சேர்த்திருந்தது. ஊர்வாயை அடைக்க நினைத்தார்கள், பாவம். இதில் என்ன பிழை என்றேன். அக்கா அந்தத் தகப்பனோடு பொறுமையாகக் கதைத்து வரியை எடுக்க வைத்தார். பிறகு என்னிடம் சொன்னார்: “இந்த வரியை இன்னொரு தாய் வாசிப்பா. தன்ர பிள்ளைக்கு இப்பிடி எழுத ஏலாத தாய். அவவுக்கு நாங்கள் என்ன சொல்லுறம்? உம்மட பிள்ளையின்ர சாவு வெக்கக்கேடு எண்டா?”

இப்போது ஸ்டெல்லா அக்காவின் அறிவித்தலின் கீழே நீங்கள் எழுதியவற்றுக்கு வருகிறேன். ‘திடீரென்றா?’ ‘என்ன நடந்தது?’ ‘இப்படியான கதைகளையே வாசித்துக்கொண்டிருந்தால்... விளங்குதுதானே.’ நாள் முழுக்க அழித்தேன். செத்த வீட்டில், சவப்பெட்டிக்கு மூன்று கதிரை தள்ளி, ஒரு பெண் என் கையைப் பிடித்தார். “உண்மையச் சொல்லும், அவவும் அப்பிடித்தானாமே?”

அன்ரனுக்கும் அது கேட்டது. வெளியே பந்தலுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். “அக்கா, நடந்ததை நீங்களே குழுவில எழுதிவிடுங்கோ. நீங்கள் சொன்னா நம்புவினம். சனத்தின்ர வாயை மூடவேணும்.” பார்ப்போம் என்றேன். தன் தமக்கையின் பெயருக்காக அழும் மனிதரிடம் வேறென்ன சொல்வது?

அவர் எப்படி இறந்தார் என்பது எனக்குத் தெரியும். ஒரே வரியில் எழுதலாம். உங்களில் பலருக்கு வெட்கமாகப் போகும், எனக்கும் ஆத்திரம் தீரும். ஆனால் அந்த வரியை வாசிக்கப்போவது நீங்கள் மட்டுமல்ல. அந்தப் பையனின் தாய் இன்னும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்.

ஸ்டெல்லா அக்காவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது இந்த ஒன்றைத்தான், எப்படி என்று சொல்லாமல் விடுவது. இந்த முடிவை அன்ரனுக்கு இன்னும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. நான் எழுதப்போவதில்லை. அக்காவைப் பற்றி நீங்கள் விரும்பியதை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே எழுதினால் அழிப்பேன்.