கடல் ஓடிப்போகும் ஊர்

என் தாய்மாமா லண்டனில் இருக்கிறார் என்றுதான் அம்பத்தூர் பக்கம் பாடியில் எங்கள் தெரு முழுவதும் சொல்லிவைத்திருந்தோம். உண்மையில் அவர் இருந்தது இங்கிலாந்துக் கடற்கரையில் ஒரு சிற்றூரில். ஒரே தெரு, ஒரு தேவாலயம், நாற்பது வீடுகள், ஓர் இந்தியச் சாப்பாட்டுக் கடை. அம்பத்தூரில் கேன்டீன் சமையல்காரராக இருந்த அவரை ஓர் ஏஜென்ட் அந்தக் கடைக்கு அனுப்பியிருந்தார்.

மாமாவுக்கு எழுதத் தெரியாது. போனில் குரலைப் பதிந்துதான் அனுப்புவார்.

“மருமவளே, இங்க கடலு ஓடிப்பூடுதும்மா. காலைல பாத்தா வெறும் சேறு. மத்தியானம் ஒண்ணுமே தெரியாத மாரி திரும்பி வந்து குந்திக்கினு கீது.”

கூடவே அனுப்பும் படங்களில் நீள மூக்குப் பறவைகள் சேற்றைக் கொத்திக்கொண்டிருக்கும். கரையோர மண்மேடு மழைக்கு மழை இடிந்து கடலில் விழுமாம். எந்தப் படத்திலும் வெயிலே கிடையாது. குரலுக்கு நடுவே இருமல் கேட்கும். குளிர் ஊரில் இருமுவார்கள்தானே என்று விட்டுவிட்டோம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அப்போது நான்காம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். மருந்துச் சீட்டு, கேஸ் புத்தகம், எது வந்தாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள். தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை மாமாவின் எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது ஒரு வெள்ளைக்காரப் பெண். அம்மா போனை என் கையில் திணித்தாள். மாமா தங்கியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாள் அவர். நிறுத்தி நிறுத்திப் பேசினார். நடுவில் ‘ஹாஸ்பிட்டல்’ என்று வந்தது. கடைசியில், “சாரி. வீ லாஸ்ட் ஹிம்” என்றார்.

லாஸ்ட் எனக்குத் தெரிந்த சொல். பென்சில் தொலைந்தால் மிஸ்ஸிடம் அப்படித்தான் சொல்வேன்.

“மாமாவ தொலைச்சிட்டாங்களாம். சாரி கேக்குறாங்க.”

தொலைத்தவர்கள் சாரி கேட்பது முறைதானே.

“தொலைக்கிறதுக்கு அவன் இன்னா கோழியா?” என்றாள் அம்மா.

“நாப்பது ஊடு கீற ஊர்ல எங்க தொலைவான்? சேத்துல எறங்கிட்டானோ இன்னாவோ” என்றார் அப்பா. “தேடச் சொல்லு பாப்பா.”

கரையில் தேடுங்கள், தண்ணீர் திரும்பி வருவதற்குள் சேற்றில் தேடுங்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சத்தமாகச் சொன்னேன்.  அந்த அம்மாள் அழ ஆரம்பித்தார். அதட்டிவிட்டேன் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மாமாவின் போன் அணைந்தே கிடந்தது. காணாமல் போனதை அந்தோனியார் மீட்டுத் தருவார் என்று யாரோ சொல்ல, அம்மா மறுநாள் காலை அவர் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

மதியம் ஏஜென்ட் வந்தார். செருப்பைக் கழற்றியும் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

“மனச தேத்திக்கோம்மா. உன் தம்பி தவறிட்டாப்ல. நெஞ்சுல சளி கட்டிக்கிச்சாம். ஆஸ்பத்திரிலயே…”

எங்கள் தெருவில் ஒருவர் தவறிவிட்டார் என்றால் எங்கே தவறினார் என்று யாரும் தேடப் போவதில்லை. இங்கிலீஷ்காரர்களிடமும் அப்படி ஒரு சொல் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“பொய் சொல்லாத அண்ணாத்தே” என்றாள் அம்மா. “எம்பொண்ணு படிச்ச பொண்ணு. அதுகிட்ட நேரா சொல்லிக்கிறாங்க. அவன் தொலைஞ்சிதான் பூட்டான்.” என் பக்கம் திரும்பினாள். “சொல்லுடி. இன்னான்னு சொன்னாங்க?”

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏஜென்ட் என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தார்.

நான் எழுந்து நின்று, வகுப்பில் பதில் சொல்வதுபோல் கைகட்டிச் சொன்னேன். “லாஸ்ட். அப்டின்னா தொலைஞ்சி போறது.”

“இன்னொரு தபா சொல்லு.”

சொன்னேன். ஒரு பெரிய மனிதரின் பேச்சைத் தள்ளிவிட்டு அம்மா என் பேச்சை எடுத்துக்கொண்டதில் எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் என் முழங்கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்து வலித்தது. அர்த்தம் கேட்பவர்கள் அவ்வளவு இறுக்கிப் பிடிப்பதில்லை என்று அன்று எனக்குத் தெரியவில்லை.