வலப்பக்கம் இழுக்கும் படகு

என் கணவர் படகு மெக்கானிக். அவர் தவறிப்போய் ஏழு மாதம் ஆகிறது. போன மாதம் என் அண்ணன் கேட்ட ஒரு கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

அண்ணனின் பயணிகள் படகில் இரண்டு என்ஜின்கள். வலப்பக்கத்து என்ஜின் தேய்ந்துபோய் வேறு மாற்ற வேண்டியிருந்தது. இப்போது சுற்றுகிற பக்கமே சுற்றும் என்ஜின் வேண்டுமா, முறைப்படி சுற்ற வேண்டிய பக்கமா என்று புது மெக்கானிக் கேட்டாராம். அண்ணன் அதை அப்படியே என்னிடம் கொண்டுவந்துவிட்டார்.

"நீயே சொல்லு. இது மாப்பிள்ளை வச்ச என்ஜின்."

இரட்டை என்ஜின் படகில் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் சுற்ற வேண்டும். அப்போதுதான் ஒன்றின் இழுப்பை மற்றொன்று சரிக்கட்டிப் படகு நேராகப் போகும். எங்களுக்குக் கல்யாணமான முதல் வருடம் இதே வலப்பக்கத்து என்ஜினை மாற்ற வேண்டி வந்தது. அவர் தனியாகத் தொழில் தொடங்கி எடுத்த முதல் பெரிய வேலை. பழையதைக் கழற்றும் முன் அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்க, என்ஜின் அறைக்குள் இறங்கிச் சக்கரத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். அண்ணன் ஸ்டார்ட்டரைத் தட்டினார். சாக்பீஸ் என்னுடையது, நான் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. அவர் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும் என்பதால், நோட்டும் பேனாவுமாக நான் மேலே உட்கார்ந்திருந்தேன்.

"கடிகார முள்ளு சுத்துற பக்கம். எழுதிக்க, டீச்சர்."

எழுதிக்கொண்டேன். எங்கே நின்று பார்த்தார் என்று கேட்கவில்லை. முன்னால் நின்று பார்த்தால் ஒரு பக்கம், பின்னால் நின்று பார்த்தால் மறுபக்கம் என்று மின்விசிறியைக் காட்டி வருடாவருடம் பாடம் நடத்துகிறவள் கேட்கவில்லை. அவர் பார்த்தது பின்னால் நின்று. நான் எழுதி அனுப்பிய சீட்டைப் படித்த வியாபாரி, முன்னால் நின்று பார்த்ததாக எடுத்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் சுற்றும் என்ஜினை அனுப்பிவிட்டார்.

வெள்ளோட்டத்தன்று படகு முன்னே போகாமல் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றியது. மாப்பிள்ளை படகுக்கு நடனம் பழக்குகிறார் என்று துறையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாளில் சோதனை அதிகாரி வருவார். படகு ஓடாவிட்டால் அண்ணன் ஓட்டும் தடம் வேறொருவர் கைக்குப் போய்விடும்.

"எப்படிப் பாத்தீங்க மாப்பிள்ளை?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "நான்தான் தப்பாப் பாத்துட்டேன், மச்சான்."

நோட்டு என் மடியில்தான் இருந்தது.

வேறு என்ஜின் வரவழைக்க நேரமில்லை. இரண்டு நாளும் அவர் படகைவிட்டு வெளியே வரவில்லை. கியர்பாக்ஸின் எண்ணெய் பம்பை எதிர்ச்சுற்றுக்கு ஏற்றபடி திருப்பிப் பொருத்தினார். தண்ணீரைத் தள்ளும் விசிறியைக் கழற்றிவிட்டு, இடப்பக்கத்துக்கென்று உபரியாக வைத்திருந்ததை வலப்பக்கம் மாட்டினார். சோதனையில் படகு தேறியது. ஆனால் இரண்டும் ஒரே பக்கம் சுற்றியதால் அன்றிலிருந்து லேசாக வலப்பக்கம் இழுத்தது. அண்ணன் சுக்கானைக் கொஞ்சம் இடப்பக்கம் பிடித்தபடியே பதினெட்டு வருடம் ஓட்டினார்.

ஏன் பழியை ஏற்றுக்கொண்டீர்கள் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "நீ கேக்கல, நான் சொல்லல. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு திட்டு போதாதா?" என்றார்.

அந்தப் படகில் தொடங்கி, அதற்குப் பிறகு அவர் தொட்ட என்ஜின் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பெயின்டில் ஓர் அம்புக்குறி இருக்கும். நின்று பார்த்த இடத்தில் இரண்டு பாதங்கள் வரைந்திருப்பார். எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாருக்கும் அந்த மரியாதை உண்டு. கழற்றிய விசிறியைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தார். பெருக்கும்போதெல்லாம் துடைப்பம் அதில் முட்டும், நான் முணுமுணுப்பேன். "இருக்கட்டும், ஒருநாள் சரி பண்ணணும்" என்பார். வருடத்துக்கு ஒருமுறை அண்ணனிடமும் சொல்வார். கை பழகிவிட்டது, விடுங்கள் என்று அண்ணன் தட்டிக் கழித்துவிடுவார்.

அவர் போன பிறகு, வேலை எதுவும் இல்லாமலே அந்தப் படகில் அக்கரைக்குப் போய்த் திரும்பியிருக்கிறேன். அண்ணன் கை இடப்பக்கம் சாய்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு வந்தால் போதும் என்றிருக்கும். இருக்கிறபடியே இருக்கட்டும் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஒரு வார்த்தை போதும், அந்த இழுப்பு என்னோடு இருந்துவிடும். அண்ணன் கேட்டு நான்கு நாள் கழித்து, அறையைப் பெருக்கும்போது துடைப்பம் சாக்கில் முட்டியது. முணுமுணுக்க வாயெடுத்தேன், கேட்க ஆளில்லை.

அண்ணனுக்குப் போன் செய்து முதலில் நோட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"இத்தனை வருஷத்துல அவரு ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார்.

"முறைப்படி சுத்துறதையே வாங்குங்கண்ணா. பழைய விசிறி இங்கதான் இருக்கு."

மறுநாள் படகுக்குப் போனேன். என்ஜின் அறைக்குள் இறங்கி எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்ததும் அந்த இரண்டு பாதங்களும் தெரிந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு அவற்றின் மேல் நின்றேன். மேலே நின்ற புது மெக்கானிக்கிடம் அம்புக்குறி காட்டும் பக்கத்தைச் சொல்லி, வாங்க வேண்டியது இதற்கு நேர் எதிர் என்றேன். அவர் எழுதத் தொடங்கினார்.

"எங்க நின்னு பாத்தேன்னு கேளுங்க, தம்பி" என்றேன். கேட்டார். பின்பக்கம் என்று சொல்லி, எழுதியதை வாங்கிப் படித்துப் பார்த்தேன்.

நேற்று வெள்ளோட்டம். என்ஜினில் குறையொன்றும் இல்லை. ஆனால் துறையைவிட்டுக் கிளம்பியதும் படகு இடப்பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போனது. புது மெக்கானிக் பதறிப்போய் என்ஜின் அறைப் பக்கம் ஓடினார். நான் அண்ணன் கையைப் பார்த்தேன். பதினெட்டு வருடப் பழக்கத்தில் அது சுக்கானை இடப்பக்கமே பிடித்திருந்தது.