ஆவுடை சொன்ன தலைநகரம்

ஆவுடை போய்விட்டாள்.

காலையில் அவள் மகன் ஐரோலியிலிருந்து போன் செய்தான். தூக்கத்திலேயே போயிருக்கிறாள். அழுது முடித்துவிட்டுத்தான் இதை டைப் செய்கிறேன்.

நானும் அவளும் தாராவியில் பக்கத்துப் பக்கத்து வீடு. அறுபதுகளில் எங்கள் சந்தில் மெட்ரிக் முடித்த பெண்கள் நாங்கள் இரண்டே பேர். அந்த கர்வம் அவளுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி.

தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தகரத்துக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து மாட்டினாள். தினமும் விடியும் முன்னே அதில் மூன்று விஷயம் எழுதிவிடுவாள். ஒரு இங்கிலீஷ் வார்த்தை, கொஞ்சம் சரித்திரம், ஒரு பொது அறிவு.

குடத்தோடு நிற்பவர்கள் வேறு என்ன செய்வார்கள்... படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு அவளே உரக்க வாசித்துக் காட்டுவாள்.

அதோடு விட்டாளா? ஒரு சட்டமும் போட்டாள். நேற்று எழுதியதில் இன்று கேள்வி கேட்பாள். சரியாகச் சொன்னால் உங்கள் குடம் ஒரு இடம் முன்னால் போகும்.

தண்ணீர் வருவதே கொஞ்ச நேரம். அப்புறம் யார் படிக்காமல் இருப்பார்கள்!

ஒரு நாள், பம்பாயை ஒரு ராஜா இன்னொரு ராஜாவுக்குச் சீதனமாகக் கொடுத்தான் என்று எழுதியிருந்தாள். அன்றைக்குக் குழாயடியில் வேறு பேச்சே இல்லை. "ஊரையே குடுத்தானாக்கும்... மாப்ள என்ன வேல பாத்தானாம்?" என்று ஒரு அக்கா கேட்டாள். அவளுக்கு அப்போது வீட்டில் கல்யாண வயதில் மூன்று பெண்கள்.

இதெல்லாம் ஆவுடைக்கு எங்கிருந்து கிடைத்தது என்றால், மாட்டுங்காவில் ஒரு ரத்திக் கடை. பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டிருந்த ஜெனரல் நாலெட்ஜ் புத்தகம் ஒன்றை அங்கே வாங்கி வைத்திருந்தாள். அட்டை கிடையாது. எந்த வருஷத்துப் புத்தகம் என்று அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

அப்போதுதான் ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு இரண்டு பேருக்கும் இன்டர்வியூ வந்தது. இருந்தது ஒரே ஒரு இடம்.

சயானில் ஒன்றாகத்தான் ரயில் ஏறினோம். வேலை கிடைக்காவிட்டால் அந்தத் தை மாதமே எனக்குக் கல்யாணம் என்று அப்பா முடிவு செய்திருந்தார். அவள் வீட்டிலும் அதே கதைதான்.

அவளை முதலில் கூப்பிட்டார்கள். வெளியே வந்தவளின் முகமே சரியில்லை.

வெளியே பெஞ்சில் நான், இன்னும் ஏழெட்டுப் பெண்கள். கதவுப் பக்கம் பியூன். யாரும் யாரோடும் பேசக் கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தான்.

ஆவுடை நேராக வந்து என் முன்னால் நின்றாள். ரகசியமாகக்கூடச் சொல்லவில்லை.

"ஏட்டி சரசு, பிரேசிலுக்குத் தலைநகரம் இப்ப பிரேசிலியாவாம். மாத்திட்டானுவளாம். நான் போர்டுல ரியோன்னு எழுதுனது தப்பு. நீ சரியாச் சொல்லு."

பியூன் இந்தியில் கத்தினான். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

உள்ளே எனக்கும் அதையே கேட்டார்கள்.

வேலை எனக்குக் கிடைத்தது... ஆர்டர் கைக்கு வந்த அன்று அவள் வீட்டுக்குப் போய், நான் சேரப்போவதில்லை என்றேன். எனக்கு ஒரே அழுகை. அவளுக்கு வந்ததோ கோபம்.

"நான் தப்பா எழுதிப் போட்டதுக்கு நீ ஏன் தோக்கணும்? மூஞ்சியக் கழுவிட்டுப் போயி வேலையில சேரு."

இன்டர்வியூவுக்கு மறுநாளே போர்டில் திருத்தம் எழுதி, கீழே தன் முழுப் பெயரையும் போட்டிருந்தாள். அதற்கும் சண்டை வந்தது. ரியோ என்று சொல்லி முன்னால் போன குடங்களுக்கு என்ன நியாயம்? அத்தனை பேரையும் அன்று ஒரு இடம் பின்னால் போகச் சொன்னாள். முனகிக்கொண்டே போனார்கள்.

அதற்குப் பிறகு மாட்டுங்கா வாசகசாலைக்குப் போய்ப் பேப்பரில் சரிபார்க்காமல் ஒரு வரி எழுதியதில்லை.

அவளும் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு நிறைய இன்டர்வியூ போனாள். ஒவ்வொரு முறையும் வெளியே வந்ததும், உள்ளே என்ன கேட்கிறார்கள் என்று பெஞ்சில் இருக்கும் எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாள். வேலை மட்டும் அவளுக்கு அமையவே இல்லை. கடைசியில் வேலைக்கான வயது தாண்டிவிட்டது. அதற்குப் பிறகுதான் கல்யாணம் செய்துகொண்டாள்.

நான் ரிட்டயர் ஆகும்வரை அந்த வேலையில் இருந்தேன். கோபர்கைரனேயில் வீடு வாங்கியபோது பால் காய்ச்ச ஆவுடையைக் கூப்பிட்டேன்.

அவள் புருஷன் இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் புகுந்த வீட்டு ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் அடுப்பு பற்றவைக்காமல் இந்த வீட்டில் யாருக்கும் காபி கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

பற்றவைத்தாள். பால் பொங்கியது. எல்லோரும் குடித்தார்கள்.

இப்போது, என்னையும் சேர்த்து வைத்திருக்கும் ஆவுடையின் குடும்ப வாட்ஸ்அப்பில் யாரோ போட்டிருக்கிறார்கள்... பெண்கள் வீட்டோடு நின்றுகொள்ளட்டும், சுடுகாட்டுக்கு வர வேண்டாம் என்று.

ஆட்டோ வாசலில் நிற்கிறது. நான் கடைசிவரைக்கும் போகிறேன்.

கொஞ்சம் இரு ஆவுடை... வந்துக்கிட்டிருக்கேன்.